நீர்மின் நிறுவனத்தில் மீன் உயிரியலாளர் வேலை: போகலாமா?

மட்டக்குளி மைனா | வெள்ளி, இரவு 9.15

வணக்கம். கொழும்பில் விலங்கியல் படித்து முடித்து ஒன்றரை வருடமாகிறது. இதுவரை ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மலைநாட்டில் சில நீர்மின் நிலையங்களை நடத்தும் ஒரு நிறுவனம், மீன்களையும் வனசீவராசிகளையும் பார்த்துக்கொள்ள ஓர் உயிரியலாளரைத் தேடுகிறது. தலைமை அலுவலகம் கொழும்பில். வேலை பாதி நாள் மேசையில், பாதி நாள் ஆற்றில். வருகிற புதன்கிழமை நேர்முகம்.

தனியே மலைக்குப் போவதா என்று அம்மாவுக்கு ஒரே பயம். அதை நான் சமாளிப்பேன். என்னைக் குழப்புவது கூடப் படித்தவர்களின் பேச்சு. "ஆற்றை மறிக்கிறவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு மீனைக் காப்பாற்றப் போகிறாயா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த வேலையில் ஒரு நாள் உண்மையில் எப்படிப் போகும்? மீனுக்கு ஏதாவது நன்மை நடக்குமா, இல்லை கையெழுத்துப் போடுவது மட்டும்தானா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெளிநீர் | வெள்ளி, இரவு 10.02

தங்கச்சி, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள்.

பத்து வருடமாகச் சிறு நீர்மின் திட்டங்களுக்குப் பின்னால் அலைகிறேன். மேலே ஒரு சின்ன மதகணை. அங்கிருந்து கால்வாயிலும் இரும்புக் குழாயிலும் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், ஒன்றிரண்டு கிலோமீற்றர் கீழே சுழலியில் விடுவார்கள். இடைப்பட்ட ஓடை என்னாகும்? அனுமதிப் பத்திரத்தில் இவ்வளவு தண்ணீர் எப்போதும் ஓடையிலேயே போகவேண்டும் என்று எழுதியிருக்கும். அதற்காக அணையின் அடியில் ஒரு குழாயும் வைத்திருப்பார்கள். மாசி மாதத்தில் ஓர் இடத்துக்குப் போனேன். குழாயின் வாயில் மணல் மூட்டை. ஓடை நெடுகக் கல்லின்மேல் பாசி காய்ந்து வெள்ளைத் தோலாக உரிந்துகொண்டிருந்தது. ஒரு தவளைகூட இல்லை.

அந்த நிலையத்தின் கண்காணிப்பு அறிக்கையைப் பிறகு படித்தேன். "நீரோட்டம் திருப்திகரம்" என்று இருந்தது. கீழே ஓர் உயிரியலாளரின் கையெழுத்து. அந்தப் பிள்ளையும் உங்களைப் போல நல்ல மனதோடுதான் சேர்ந்திருக்கும்.

ஆற்றோரம் | வெள்ளி, இரவு 11.30

மைனா, பதினேழு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். முதலில் ஆலோசனை நிறுவனங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை எழுதினேன். பிறகு மின் உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒன்றுக்குள்ளேயே போனேன். பெயர் வேண்டாம்.

தெளிநீர் சொன்ன மணல் மூட்டையை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் அவரோடு சண்டை பிடிக்க வரவில்லை. உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வேலையில் பாதி, எல்லோரும் நினைப்பதுதான். வீச்சு வலை, அத்தாங்கு, ஒட்சிசன் மானி, அளவுப் பலகை. வருடத்துக்கு நாலு தடவை அதே இடங்கள், அதே வலைக்கண், அதே எண்ணிக்கையில் வீச்சு. பிடித்து, அளந்து, திருப்பி விடுவோம். பாதுகாக்கப்பட்ட இனங்களைத் தொடுவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது கையில் வரும்வரை காத்திருப்பதும் வேலைதான். இந்த நாட்டு நன்னீர் மீன்களில் பாதிக்கு மேல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கலபிட்டமடையில் ஒரே ஓர் ஓடையை நம்பி இருந்த பந்துல கெண்டையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆகவே "சின்ன மீன்தானே" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

மற்றப் பாதி, மணிக்கூட்டைப் பார்ப்பது.

நம் நாட்டில் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுவது மாலை 6.30 தொடக்கம் 10.30 வரை. கொழும்பில் எல்லா வீட்டிலும் விளக்கு, மின்விசிறி, சோற்றுப் பானை. அந்த நேரத்துக்கு நீர்த்தேக்க நிலையங்கள் முழு வேகத்தில் ஓடும். பிறகு குறைக்கப்படும் அல்லது நிறுத்தப்படும். அதாவது நாம் விளக்கை அணைக்கும்போது ஓர் ஆறு இறங்குகிறது.

என் மூன்றாவது வருடம், வறட்சிக் காலம். நிலையத்துக்குக் கீழே ஏறக்குறைய முந்நூறு மீற்றர் தள்ளி ஒரு பாறையில் இருந்தேன். 10.40க்கு இயந்திரம் நின்றது. முதலில் சத்தம் குறைந்தது. எதிர்ப் பாறையில் என் முழங்கால் உயரத்தில் அடித்துக்கொண்டிருந்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் மட்டத்துக்கு வந்தது. இருபது நிமிடத்தில் ஆறு நடுவாய்க்காலுக்குள் ஒதுங்கிவிட்டது. கரையோரக் கல் இடுக்குகளில் மட்டும் சின்னச் சின்னக் குட்டைகள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். சோற்றுக் கோப்பை அளவு குட்டை ஒன்றில் பதினொரு கல்பாண்டியா. வாயின் அடியிலுள்ள தட்டால் கல்லில் ஒட்டி வாழும் மீன் அது. தண்ணீர் குறையக் குறைய அவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. ஓடுகிற ஆற்றில் அவற்றைக் காப்பாற்றுகிற பழக்கம் அது. வற்றுகிற ஆற்றில் அதுவே கொல்கிறது. ஒன்றை விரலால் கிளப்பினேன். வயிறு ஈரம், முதுகு காய்ந்து ஒட்டியது. பக்கத்துக் குட்டையில் ஒரு நண்டு வந்து ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தது.

கையால் அள்ளி அள்ளி ஆற்றில் விட்டேன். ஒரு மணி நேரம் போனது. அடுத்த இரவும் அதே கதை நடக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று மாதம் வாரத்தில் இரண்டு இரவு போய் எண்ணினேன். எந்த வேகத்தில் மட்டம் இறங்கினால் எத்தனை மீன் தங்கிப்போகிறது என்பதை ஒரே பக்கத்தில் வரைந்து நிலையப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மெதுவாக மூடினால் எனக்கு எத்தனை ரூபாய் போகும்?" நியாயமான கேள்வி. இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஒரேயடியாக நிறுத்தாமல் நாலு படியாக, ஐம்பது நிமிடத்தில் இறக்குவது என்று முடிவானது. அடுத்த வறட்சியில் அதே கரையில் அதே குட்டைகளைப் பார்த்தேன். பெரும்பாலும் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஆறு இறங்குவதை உணர்ந்து மீன் நடுவுக்குப் போக அந்த ஐம்பது நிமிடம் போதும்.

உள்ளே ஆள் இருந்தபடியால்தான் இது நடந்தது. வெளியிலிருந்து அந்த நேரத்துக்கு அந்தப் பாறையில் போய் உட்காரவே விட்டிருக்க மாட்டார்கள்.

பெல்டன் | சனி, காலை 6.10

நான் ஓய்வுபெற்ற பொறியியலாளர், வெள்ளவத்தை. முப்பத்திரண்டு வருடம் நீர்மின் நிலையங்களில் இருந்தவன். ஆற்றோரம் தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன்.

மகள், நீங்கள் போகப்போகிற இடத்தில் என்ன சுழலி என்று முதலில் கேளுங்கள். பழைய லக்ஷபான, புதிய லக்ஷபான இரண்டும் பெல்டன் சக்கரம். நானூறு மீற்றருக்கு மேலிருந்து விழும் தண்ணீரைத் தாரையாக்கிக் கிண்ணங்களில் அடிப்பது. ஊசி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடலாம். குறைந்த சுமையிலும் திறன் பெரிதாக விழாது. அங்கே "மெதுவாக மூடுங்கள்" என்று கேட்டால் இயந்திரத்தின் பெயரைச் சொல்லி யாரும் மறுக்க முடியாது. கொத்மலை, விக்டோரியா எல்லாம் பிரான்சிஸ் என்ற வேறு வகைச் சுழலி. பாதிச் சுமைக்குக் கீழே ஓட்டினால் வெளியேற்றுக் குழாயில் நீர்ச்சுழி கட்டி முழு இயந்திரமும் அதிரும். அந்த வலயத்தில் அதிக நேரம் நிறுத்திவைத்தால் சக்கரத்துக்குக் கேடு. அங்கே படிப்படியாக இறக்குவதென்றால் ஒன்றை நிறுத்தி, மற்றதை ஓடவிட்டு, இயந்திரங்களை மாற்றி மாற்றித்தான் செய்யவேண்டும்.

இன்னொன்று. பெரிய நீர்மின் இயந்திரங்கள்தான் நாட்டு மின்சாரத்தின் மீடிறனை, அதாவது வினாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, 50 ஹேர்ட்ஸில் பிடித்து வைத்திருக்கின்றன. எங்காவது ஓர் அனல்மின் இயந்திரம் திடீரென நின்றுபோனால் நாங்கள் உடனே உற்பத்தியைக் கூட்டவேண்டும். அந்த நிமிடத்தில் மீனை நினைக்க முடியாது. இதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். அப்போதுதான் கட்டுப்பாட்டு அறையில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு வரும்.

உண்மையைச் சொல்லவேண்டும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் நீர்மின் பற்றிய தன் கட்டுரையைப் படித்ததையும், 1950இல் லக்ஷபான ஓடத் தொடங்கியதையும் பெருமையாகச் சொல்லி வளர்ந்த தலைமுறை நாங்கள். பராக்கிரமபாகு மன்னன் சொன்னதாக ஒரு வாக்கியம் பள்ளிப் புத்தகத்திலிருந்து எல்லோருக்கும் மனப்பாடம்: மனிதனுக்குப் பயன்படாமல் ஒரு துளியும் கடலில் சேரக்கூடாது. நான் வேலை செய்த காலம் முழுவதும் அதைத்தான் நம்பினேன். அணைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரும் வந்து எனக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் மூடும் வேகத்தை நானும் மாற்றியிருப்பேன்.

ஆற்றோரம் | சனி, காலை 8.45

ஐயா, மிக்க நன்றி. மனம் நிறைந்துவிட்டது.

அந்தக் "கடலில் சேரும் துளி" பற்றி ஒன்று சொல்லவேண்டும், முக்கியமாக மைனாவுக்கு. நீங்கள் இருப்பது மட்டக்குளி. களனி கடலில் விழுவது உங்கள் வீட்டுப் பக்கத்தில்.

ஈரவலய ஓடைகளில் உளுவை மீன்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம். ஓர் இனத்தின் ஆணுக்கு உதடு சிவப்புப் பூசினதுபோல இருக்கும். கல்லின் அடியில் முட்டையிடும். பொரித்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு. அது ஓடைத் தண்ணீரோடு அடித்துக்கொண்டு கடலுக்குப் போகவேண்டும். சில நாட்களுக்குள் உப்புத் தண்ணீரைச் சேராவிட்டால் செத்துவிடும். கடலில் கொஞ்சக் காலம் வளர்ந்து, பிறகு ஆற்று வாயால் திரும்ப ஏறும். வயிற்றுப் பக்கத்து இரண்டு துடுப்புகளும் ஒன்றாகச் சேர்ந்து உறிஞ்சு கிண்ணமாக இருக்கும். அதை வைத்து நனைந்த பாறையில் செங்குத்தாகவே ஏறிப் போய்விடும்.

நனைந்த பாறை என்பதைக் கவனியுங்கள். ஒரு விரல் தடிப்புக்கு வழிந்தாலும் போதும், சிறு அணையைக்கூடத் தாண்டும். காய்ந்த சுவர் என்றால் அவ்வளவுதான், அடியிலேயே நின்றுவிடும். ஒரு மதகணையில் ஓரத்தில் மட்டும் கொங்கிறீற்றைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் வழியவிடும்படி கேட்டோம். இரவில் போய்ப் பார்த்தேன். குஞ்சு உளுவைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு, ஒரு துள்ளு, ஓர் ஓய்வு, ஒரு துள்ளு என்று ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று விழுந்தால் மறுபடி கீழேயிருந்து தொடங்கும். எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமில்லை.

கடலில் சேரும் அந்தத் துளி இவற்றுக்குப் பாதை.

தெளிநீர் | சனி, காலை 10.20

ஆற்றோரம் அண்ணா, உங்கள் ஐம்பது நிமிடத்தை மதிக்கிறேன். உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் அந்தப் பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போனால்? அடுத்தவர் பழையபடி மூடினால்? ஒரு நல்ல மனிதரின் தயவில் ஓர் ஆறு இருக்கலாமா?

ஆற்றோரம் | சனி, காலை 10.55

இருக்கக்கூடாது. நீங்கள் கேட்டது சரி. என் விடயத்தில் அதுவே நடந்தது. புதியவர் வந்தார், ஒரு வருடம் பழைய முறைக்கே போனது. மறுபடி எண்ணி, மறுபடி காட்டவேண்டியிருந்தது. இரண்டாம் முறை கண்காணிப்பு நிபந்தனையிலேயே மூடும் வேகத்தை எழுத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். எழுத்தில் வந்தபிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மவுசாக்கலைப் பேரன் | சனி, மதியம் 1.05

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன். ஊர் மஸ்கெலியா. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாயி பிறந்த பழைய மஸ்கெலியா இப்போது மவுசாக்கலைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. நல்ல வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோவில் வெளியே தெரியும். சனம் போய் விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வரும். அப்பாயியும் ஒருமுறை போய், "இந்த மூலையில்தான் கடை, இந்தப் பக்கம்தான் ஆறு" என்று சேற்றில் நின்று காட்டினார்.

நான் சொல்ல வந்தது வேறு. மலையில் அணை கட்டுகிற இடமெல்லாம் எங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள். எந்தப் பாறைக்கடியில் விலாங்கு இருக்கும், எந்த மாதம் கெண்டை ஏறும், எந்தப் பீலித் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று லயத்தில் இருக்கிற பொடியனுக்குத் தெரியும். மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் எங்களிடம் கேட்பதில்லை. ஒரு திட்டத்துக்குத் தமிழில் சுருக்கம் கொடுத்தார்கள். ஓடையில் மிச்சம் விடும் தண்ணீரை "எஞ்சிய பாய்ச்சல்" என்று போட்டிருந்தார்கள். உங்கள் பீலி வற்றலாம் என்று அதை வாசித்து எங்கள் அம்மா எப்படி விளங்கிக்கொள்வார்? பிறகு தண்ணீர் குறைந்தபோது, "நாங்கள் அறிவித்தோமே" என்றார்கள். அறிவித்தார்கள்தான். விளங்கும்படி அறிவிக்கவில்லை.

மைனா தங்கச்சி, நீங்கள் போனால் தமிழில் எழுதுங்கள். நல்ல தமிழில். அதற்காக மட்டுமாவது போங்கள்.

மட்டக்குளி மைனா | சனி, மாலை 4.30

பேரன் அண்ணா, அப்பாயியின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போகிறதென்றால் அந்தச் சனத்தோடு ஒழுங்காகப் பேசிப் பழகு" என்றார். அரைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். விளம்பரத்தில் வனசீவராசிகள் என்றும் இருக்கிறது. நீர்மின் நிலையத்தில் மீனைத் தவிர என்ன பார்ப்பது?

ஆற்றோரம் | சனி, மாலை 5.50

நிறைய. சிறு நிலையங்களில் மலைச்சரிவில் வெட்டிய திறந்த கால்வாய் பெரிய தலைவலி. இரு பக்கமும் வழுவழுப்பான கொங்கிறீற்று. இரவில் மரை, பன்றி, உடும்பு, அழுங்கு விழுந்தால் ஏற முடியாமல் நீந்தி நீந்திக் களைத்து, குப்பை தடுக்கும் இரும்புக் கம்பிகளில் வந்து மோதிக் கிடக்கும். அந்தக் கம்பியைத் துப்பரவு செய்கிற தொழிலாளியோடு முதல் நாளே பழகுங்கள். என்னென்ன வந்து கிடந்தது என்று அவருக்குத்தான் தெரியும். சாய்வுப் படியும் குறுக்கே மண் போட்ட பாலமும் வைத்தால் பெரும்பாலான சாவு தவிரும். செலவு அதிகமில்லை.

நீர்நாய் எச்சம் பாருங்கள். பாறைமேல் நண்டு ஓடும் மீன் செதிலும் கலந்து இருக்கும். அது இருந்தால் கீழே மீன் இருக்கிறது. நீர்த்தேக்கக் காடுகளில் கம்பிக் கண்ணி தேடி அகற்றுங்கள். பன்றிக்கு வைக்கும் கண்ணியில் சிறுத்தை மாட்டுகிறது. 2020இல் நல்லதண்ணிப் பக்கத்தில் கருஞ்சிறுத்தை மாட்டி, பிறகு செத்துப்போனது நினைவிருக்கும்.

ஆழத்துத் தண்ணீரையும் மறக்கவேண்டாம். பெரிய நீர்த்தேக்கத்தில் மேல் தண்ணீர் வெயிலில் சூடாகி மிதக்கும். அடித்தண்ணீர் குளிர்ந்து, ஒட்சிசன் தீர்ந்து கிடக்கும். அடிமதகால் அதை விட்டால் கீழே ஆற்றில் அழுகிய முட்டை மணக்கும். மீன் வாயை மேலே தூக்கித் தவிக்கும். ஒட்சிசன் மானியை அணைக்கு மேலே வைக்காமல் கீழே வையுங்கள்.

பனிக்காடு | ஞாயிறு, காலை 7.20

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே நீர்மின் நிறுவனங்களில் மீன் உயிரியலாளர் என்பது சாதாரண வேலை. என் மனைவியின் துறை இது.

பேரன் விலாங்கு என்று எழுதியதால் சொல்கிறேன். சென் லோரன்ஸ் ஆற்றில் கோர்ன்வால் என்ற இடத்தில் சாண்டர்ஸ் நிலையம் இருக்கிறது. அங்கே 1974இலேயே குஞ்சு விலாங்குகள் ஏறுவதற்கென்று ஓர் ஏணி வைத்தார்கள். ஏறுவது சரி. வளர்ந்த விலாங்கு முட்டையிடக் கடலுக்கு இறங்கும்போது சுழலிக்குள் போகிறது. உடம்பு நீளம் என்பதால் தகடு படும் வாய்ப்பு மற்ற மீன்களைவிட அதிகம். அதனால் பெரிய விலாங்குகளைப் பிடித்து வண்டியில் ஏற்றி, அணைகளுக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். நம் ஆறுகளிலும் இரண்டு வகை விலாங்கு உண்டு. இரண்டும் கடலில் போய்த்தான் முட்டையிடும்.

பக்கத்து அமெரிக்காவில் தனியார் அணைகளுக்கு உரிமம் பொதுவாக 30 தொடக்கம் 50 வருடத்துக்குத்தான். முடிந்ததும் புதிதாகக் கேட்கவேண்டும். அப்போது மீன் பாதை அமை என்று அரசு கட்டளையிடலாம். அதனால்தான் நிறுவனங்கள் உயிரியலாளரை வீட்டுப் பிள்ளைபோல வைத்திருக்கின்றன. தயவு பற்றித் தெளிநீர் கேட்டாரே, அதற்கு இங்குள்ள பதில் இந்த உரிமத் திகதிதான்.

பெல்டன் | ஞாயிறு, காலை 8.00

லக்ஷபான போன்ற உயரத்திலிருந்து விழும் இடத்தில் குழாய்க்குள் போன மீன் பிழைக்காது. அதனால் நம் நாட்டில் நுழைவாயிலில் மீனை விலக்குவதுதான் முக்கியம். கம்பிகளுக்கு இடையிலான அகலத்தைக் குறைத்தால் குப்பை அடிக்கடி அடைக்கும் என்று பராமரிப்புக்காரர் எதிர்ப்பார்கள். துப்பரவு செய்ய ஓர் ஆள் கூடுதலாகக் கேளுங்கள், மகள். பொறியியலாளரிடம் கம்பியை மாற்று என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

சட்டப்புள்ளி | ஞாயிறு, முற்பகல் 11.15

சுருக்கமாக. 1980இன் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் 1993 வர்த்தமானியும்தான் அடிப்படை. 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம், சுற்றாடல் மதிப்பீடு செய்யவேண்டிய திட்டங்களின் பட்டியலில் நேரடியாக வரும். சிறியது என்றாலும் காப்புக்காடு போன்ற உணர்திறன் மிக்க இடமென்றால் வரும். முழு மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. பேரன் சொன்ன மொழிபெயர்ப்புப் பிழையை அந்த நாட்களுக்குள் எழுத்தில் கொடுத்திருந்தால் பதிவில் இருந்திருக்கும்.

மைனா, நீங்கள் எழுதும் கண்காணிப்பு அறிக்கை அரச அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் அதைக் கேட்கலாம். தெளிநீர் வாசித்த அறிக்கையும் அப்படித்தான் வந்திருக்கும். ஆகவே உண்மையை எழுதுங்கள். ஒருநாள் யாரோ அதைத் தேடி எடுத்து வாசிப்பார்கள்.

தெளிநீர் | ஞாயிறு, மாலை 6.40

ஓம், அப்படித்தான் எடுத்தேன்.

தங்கச்சி, முதலில் போகாதீர்கள் என்று எழுதினேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை. ஆனால் போவதாக இருந்தால் நேர்முகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கு மதகைத் திற என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? நான் எண்ணியதை மாற்றாமல் அறிக்கையில் போடுவீர்களா? ஓடைக்கு விடும் தண்ணீர் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்துவீர்களா? மூன்றுக்கும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் கேளுங்கள்.

மட்டக்குளி மைனா | புதன், இரவு 8.10

கேட்டேன்.

மூன்று பேர் இருந்தார்கள். முதல் கேள்விக்கு, நிலையப் பொறுப்பதிகாரி என்றார்கள். அவருடைய இலக்கத்தை எனக்குத் தருவார்கள், எந்த நேரமும் எடுக்கலாம். இரண்டாவதுக்கு, மூல எண்ணிக்கை பின்னிணைப்பாகப் போகும் என்றார்கள். மூன்றாவதுக்குக் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் வயதான ஒருவர், "போன வருடம் வறட்சியில் இரண்டு நிலையங்களை ஆறு வாரம் நிறுத்தினோம். உங்களுக்குப் பதிவைக் காட்டலாம்" என்றார். காட்டினார். கையால் எழுதிய புத்தகம். நாளும் மட்டமும் இருந்தது.

அடுத்த திங்கள் சேரச் சொல்லியிருக்கிறார்கள். சேர்கிறேன்.

தெளிநீர் | புதன், இரவு 8.25

அந்தப் பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள், தங்கச்சி. மனதார.

ஆற்றோரம் | புதன், இரவு 9.00

மகிழ்ச்சி. அடிப்பாகத்தில் கம்பளி ஒட்டிய சப்பாத்து வாங்குங்கள். றப்பர் அடி பாசியில் வழுக்கும். பென்சிலால் எழுதுங்கள், மை கரையும். தனியே ஆற்றில் இறங்கவே வேண்டாம். மேலே எப்போது திறப்பார்கள் என்று கேட்காமல் பாறைக்குப் போகவேண்டாம். தண்ணீர் ஏறுவது இறங்குவதைவிட வேகம். முதல் நாள் மீன் பிடிக்காதீர்கள். ஓடைக்குத் தண்ணீர் விடும் குழாயைத் தேடிப் பாருங்கள்.

மட்டக்குளி மைனா | அடுத்த வியாழன், இரவு 7.45

முதல் தடவை மலைக்குப் போய்வந்தேன். காவலாளியின் பெயர் போடவில்லை, ஆனால் நல்ல மனிதர். பண்டாரவளைப் பக்கத்துத் தமிழ் ஐயா. அவரே குழாயைக் காட்டினார். செடி மூடிக் கிடந்தது.

நிபந்தனையில் வினாடிக்கு பத்து லீற்றர். 20 லீற்றர் வாளியை வைத்து, செல்லிடப்பேசியில் நேரம் பிடித்து அளந்தேன். வாளி நிரம்ப ஐந்து வினாடி. அப்படியென்றால் நாலு லீற்றர்தான். மூட்டை ஏதும் இருக்குமோ என்று பயந்து அணைக்கு மேல் பக்கம் போய்த் தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன். மூட்டை இல்லை. மூங்கில் இலையும் வேரும் பந்தாகச் சுருண்டு குழாய் வாயை அடைத்திருந்தன. ஐயாவும் நானும் அரை மணி நேரம் இழுத்து எடுத்தோம். கடைசிக் கொத்து வந்ததும் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. கீழே ஓடிப்போய் மறுபடி அளந்தேன். மூன்று தடவையும் இரண்டு வினாடி.

வாய்க்கு ஒரு வலைக்கூடு போடவேண்டும், கிழமைக்கு ஒருநாள் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆற்றோரம் | அடுத்த வியாழன், இரவு 8.05

நாலு லீற்றர் என்று இருந்ததையும் எழுதினீர்களா?

மட்டக்குளி மைனா | அடுத்த வியாழன், இரவு 8.07

எழுதினேன் அண்ணா. திகதி, நேரம், இரண்டு அளவும். தமிழிலும் ஒரு பிரதி எழுதி ஐயாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.